ஆடு கடித்த மலையும் அம்பு கழற்றும் பூண்டும்



கிரேக்க, இலத்தீன் காவியங்களை மொழிபெயர்ப்பிற் படிக்கும் நம்மவர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வீரர்களின் பெயரும் தெய்வங்களின் பெயரும் மனத்திற் பதிந்துவிடுகின்றன. செடிகளின் பெயர்கள் பதிவதில்லை. புலவன் ஒரு பூவைச் சொன்ன மாத்திரத்தே, அது பூக்கும் நிலமும் பொழுதும் அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கமும் கூடவே வந்து நிற்கும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். முல்லை, நெய்தல் என்ற சொற்களுக்கு நமக்கு எவரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், இறந்துபோன அக்கிலீசின் ஆவி அஸ்போடல் வெளியிலே நடந்து சென்றது என ஒடிசியிற் படிக்கும்போது, அஸ்போடல் என்பது நமக்கு வெறும் ஒலியாகவே நின்றுவிடுகின்றது. அது மரமா, புல்லா, எந்த நிலத்தில் முளைப்பது, ஏன் அதை ஆவிகளின் உலகத்தில் வைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாற் பல கதவுகள் திறக்கும். இன்றைய உரையில் மத்தியதரைக் கடலின் ஒரு தீவை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மரஞ்செடிகொடிகளின் வழியே அந்தக் கதவுகளிற் சிலவற்றைத் தட்டிப் பார்ப்போம்.

அத்தீவு கிறீற். விவிலியத் தமிழிற் கிரேத்தா என வழங்குவதும் இதுவே. சிசிலி, சார்டினியா, சைப்பிரஸ், கோர்சிக்கா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மத்தியதரைக் கடலின் ஐந்தாவது பெரிய தீவு. பரப்பளவு ஏறத்தாழ 8,300 சதுர கிலோமீற்றர். மேற்கிலிருந்து கிழக்காக 260 கிலோமீற்றர் நீண்டு, அகலத்தில் ஒடுங்கிக் கிடக்கின்றது. அதன் முதுகெலும்பாக மூன்று பெரும் மலைத்தொடர்கள் உள்ளன. மேற்கே வெண்மலைகள், நடுவே ஈடா மலை, கிழக்கே டிக்தி மலை. முதலிரண்டும் 2,450 மீற்றருக்கு மேல் உயர்ந்தவை. குளிர்காலத்திற் பனி மூடிக் கிடப்பவை. தேவர்களின் தலைவனாகிய சியூஸ் பிறந்த குகை ஈடாவில் உள்ளதென்று ஒரு சாராரும் டிக்தியில் உள்ளதென்று மறுசாராரும் கூறுவர். ஆயினும், அக்குழந்தைக்குப் பால் கொடுத்தது அமல்தெயா என்ற ஆடு என்பதில் மரபு பெரிதும் உடன்படுகின்றது. அந்த ஆட்டைச் சற்று நினைவில் வைத்திருங்கள். அது பின்னர் குற்றவாளிக் கூண்டில் ஏறப் போகின்றது.

கோடையில் உறங்கும் தீவு

இத்தீவில் இயற்கையாக வளரும் தாவர வகைகள் ஏறத்தாழ 1,800. அவற்றுட் பத்தில் ஒரு பங்களவு உலகில் வேறெங்கும் காணக் கிடையாதவை. இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு தனித்தன்மை எவ்வாறு வந்தது? ஏறத்தாழ அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மத்தியதரைக் கடல் அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து துண்டிக்கப்பட்டுப் பெரும்பாலும் வற்றிப்போயிற்று. ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் கடல் மீண்டும் நிரம்பியது. அன்று தொட்டு கிறீற் பெருநிலத்தினின்று பிரிந்தே இருந்து வருகின்றது. பிரிந்து நின்றவை தம் வழியே மாறின. பெருநிலத்தில் அழிந்துபோன சில இங்கு தப்பிப் பிழைத்தன.

இத்தீவின் காலநிலையை விளங்கிக்கொள்ளாமல் இதன் செடிகளை விளங்கிக்கொள்ள முடியாது. அங்கே மழை குளிர்காலத்துக்கு உரியது. வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை மழை மிக அரிது. எனவே, வடக்கு ஐரோப்பியரின் கவிதைகளிற் பனிக்காலம் எந்த இடத்தை வகிக்கின்றதோ, அந்த இடத்தைக் கிறீற்றில் வகிப்பது கோடை. செடிகள் வாடி ஒடுங்கிச் செத்தவை போலக் கிடக்கும் பருவம் அது. ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் நிலம் பச்சை கொள்ளும். பங்குனி, சித்திரை மாதங்களில் மலைச்சரிவெங்கும் பூக்காடாகும். ஆனிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தக் கோடையைத் தாண்டுவதற்குச் செடிகள் கைக்கொள்ளும் வழிகள் பலவகையின. ஒருசாரார் மண்ணுக்குள்ளே கிழங்காக ஒளிந்துகொள்வர். அல்லி, குங்குமப்பூ முதலியவற்றின் வழி அது. இன்னொருசாரார் தோல் போன்ற தடித்த இலைகளைக் கொண்டு ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்வர். ஒலிவ மரமும் கெர்மஸ் ஓக் மரமும் அவ்வகையின. மூன்றாவது வகை, முழங்கால் அளவே உயரமுள்ள குற்றுச்செடிகள். இவை குளிர்காலத்தில் ஓரளவு அகன்ற இலைகளைத் தாங்கி நிற்கும். கோடை நெருங்கியதும் அவற்றை உதிர்த்துவிட்டு, சிறிய தடித்த இலைகளைத் தளிர்க்கும். ஆண்டுக்கு இருமுறை உடை மாற்றும் செடிகள் என்று சொல்லலாம். இலைகளில் வெண்மயிர் படர்ந்திருக்கும், நுனிகள் முள்ளாகும், எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து கடும் நறுமணம் எழும். தைம், சேஜ், ஓரிகானோ என்று இன்று நம் கடைகளிலும் போத்தல்களில் வந்திறங்கும் வாசனை இலைகள் இந்நிலத்தின் பிள்ளைகளே. தாவரவியல் முறைப்படி இவை துளசியும் கற்பூரவள்ளியும் சேர்ந்த குடும்பத்தவை. எனவே முற்றிலும் அந்நியர் என்று இவற்றைத் தள்ளிவிடவும் முடியாது.

இக்குற்றுச்செடி நிலத்துக்குக் கிரேக்கர் இட்ட பெயர் பிறிகனா. இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தவர், அரிஸ்டோட்டிலின் மாணவரும் அவருக்குப் பின் அவரது கல்விக்கழகத்தின் தலைவருமாகிய தியோபிராஸ்தஸ். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் தாவரங்களை மரம், செடி, குற்றுச்செடி, பூண்டு என நான்காக வகுத்தார். மூன்றாவது வகையே பிறிகனா. நமது தொல்காப்பியர் புறக்காழ் உடையதைப் புல் என்றும் அகக்காழ் உடையதை மரம் என்றும் வகுத்ததை அறிந்தவர்களுக்கு, வெவ்வேறு நிலங்களில் இருந்த இருவர் தம் கண்முன் நின்ற பச்சையை ஒழுங்குபடுத்த முயன்ற விதம் சுவையாகத் தோன்றும்.

அம்பு கழற்றும் பூண்டு

கிறீற்றின் செடிகளுள் இலக்கியத்தில் மிகுந்த புகழ் பெற்றது டிக்டமோன் என்ற சிறு பூண்டு. ஓரிகானோவின் நெருங்கிய உறவு. செங்குத்தான பாறைப் பிளவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும். வட்டமான சிறிய இலைகள். அவற்றின்மேல் வெள்ளைக் கம்பளி போல மயிர். தொங்கும் இளஞ்சிவப்புப் பூங்கொத்து. கிறீற்றைத் தவிர உலகில் வேறெங்கும் இது தானாக முளைப்பதில்லை. தியோபிராஸ்தஸ் காலத்திலேயே இவ்வுண்மை தெரிந்திருந்தது. இது கிறீற்றுக்கே உரியது என்றும் பேறுகாலத்துப் பெண்களுக்கு உதவுவது என்றும் அவர் எழுதியுள்ளார்.

கிறீற்றின் காட்டாடுகள் அம்பு தைத்தவுடன் இப்பூண்டைத் தேடித் தின்னும் என்றும் தின்றதும் அம்பு உடலிலிருந்து கழன்று விழும் என்றும் ஒரு கதை பண்டைக் காலத்தில் வழங்கியது. அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் விலங்குகள் பற்றிய நூலிலும் இக்கதை இடம்பெறுகின்றது. வேர்ஜில் தமது ஈனியட் காவியத்தின் இறுதிக் காண்டமாகிய பன்னிரண்டாம் காண்டத்தில் இதைக் கையாளும் விதம் நினைவுகூரத் தக்கது. ஈனியஸ் அம்பு தைத்து நிற்கின்றான். முதிய மருத்துவன் தன் கலை முழுவதையும் பயன்படுத்தியும் அம்பு அசையவில்லை. அப்போது தாயாகிய வீனஸ் தேவி கிறீற்றின் ஈடா மலையிலிருந்து இப்பூண்டைக் கொய்துவந்து, எவரும் காணாமல் மருந்து நீரிற் கலந்துவிடுகின்றாள். அம்பு தானே கழன்று வருகின்றது. மருத்துவன் இது மனிதர் செயலன்று என உணர்கின்றான்.

அறிஞர் கூற்றைக் காவியக் கவி எடுத்தாண்ட இடம் இது. ஆனால் வேர்ஜில் செய்த நுட்பமான செயல் ஒன்று உண்டு. வேட்டையில் அடிபட்ட ஆட்டின் மருந்தை அவர் போரில் அடிபட்ட வீரனுக்குக் கொடுக்கின்றார். வேட்டையாடும் மனிதன் அங்கே காயப்பட்ட விலங்கின் இடத்தில் நிற்கின்றான். செடியின் பெயர் தெரியாமல் அவ்விடத்தைப் படித்தால் தாயின் பரிவு மட்டுமே தெரியும். செடியையும் அதன் கதையையும் அறிந்து படித்தால் அந்தப் பரிவின் பின்னால் ஒரு மலையும் அதன் விலங்குகளும் தெரியும்.

மனிதர் இச்செடிக்காகக் கொடுத்த விலையும் சிறிதன்று. பாறைமுகட்டிற் கயிற்றிலே தொங்கி இதைப் பறிப்போர் தவறி விழுந்து மாண்டதுண்டு. காதலிக்குக் கொடுக்கும் பரிசாகவும் இது கருதப்பட்டமையால், காதல் என்ற பொருள்படும் ஒரு பெயரே ஊர்வழக்கில் இதற்கு ஏற்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் எம்பரோஸ் போன்ற கிராமங்கள் இதைத் தோட்டப் பயிராக்கின. இன்று தேநீருக்கும் சிலவகை மதுவுக்கு மணமூட்டவும் விற்கப்படுவது பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ந்ததே. பாறைச் செடியைச் சட்டம் பாதுகாக்கின்றது.

தியோபிராஸ்தஸ் கண்ட மரங்கள்

கிறீற்றின் கிழக்குக் கோடியில் வாய் என்றொரு கடற்கரை. கடற்கரை மணலை ஒட்டிப் பேரீச்ச மரங்கள் காடாக நிற்கின்றன. ஐரோப்பாவில் இத்தகைய காட்சி மிக அரிது. அரேபியக் கடல்வீரர் இங்கே தங்கிப் பேரீச்சம்பழம் தின்று உமிழ்ந்த விதைகளிலிருந்து இக்காடு முளைத்தது என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. கதை அழகானது; ஆனால் உண்மையாக இருக்க இயலாது. அரேபியர் கிறீற்றைக் கைப்பற்றியது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில். அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, கிறீற்றின் பேரீச்ச மரங்கள் அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைப்பவை எனத் தியோபிராஸ்தஸ் குறித்திருக்கின்றார். மேலும் இம்மரத்தின் பழம் நாருள்ளது, சதைப்பற்றில்லாதது, விரும்பி உண்ணத் தக்கதன்று. 1967ஆம் ஆண்டில் வேர்னர் குறொய்டர் என்ற தாவரவியலாளர், இது நாம் உண்ணும் பேரீச்சையன்று, தனியோர் இனம் என நிறுவி, அதற்குத் தியோபிராஸ்தஸின் பெயரையே சூட்டினார். நம் நாட்டு வறண்ட நிலங்களில் வளரும் ஈந்தும் இச்சாதியைச் சேர்ந்ததே. தீவின் தென்கரையில் பிறவேலி என்னுமிடத்திலும் இம்மரக்காடு உண்டு. 2010 ஓகஸ்டில் அதைத் தீ பற்றி எரித்தது. எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணினர். கருகிய அடிமரங்கள் விரைவிலேயே குருத்து விட்டன.

கோர்டின் என்ற பழைய நகரத்தின் மரம் வேறொரு வகையான வியப்பு. பிளேன் என்னும் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்ப்பது. ஆனால் கோர்டினில் ஊற்றருகே நின்ற பிளேன் மரம் இலையுதிர்ப்பதில்லை என்றும், சியூஸ் யூரோப்பாவைக் கூடியது அம்மரத்தின் கீழ் என்று புராணம் கூறுவதாகவும் தியோபிராஸ்தஸ் எழுதுகின்றார். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவது எளிது. ஆனால், என்றும் பசுமையான பிளேன் மரங்கள் கிறீற்றின் பல ஊர்களில் இன்றும் நிற்கின்றன. கோர்டினிலும் ஒன்று உண்டு. ஒரு கண்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த பெண்ணின் கதையில் வரும் மரம், தாவரவியலில் இடம்பெறும் உண்மையான மரவகையும் ஆகும்.

மூன்றாவதாக அபெலிட்சியா. வெண்மலைகளிலும் ஈடா, டிக்தி மலைகளிலும் உயரத்தில் மட்டும் வளரும் இம்மரம் கிறீற்றுக்கே உரியது. இதன் உறவினர் சிசிலியிலும் கோக்கசஸ் மலைப்பகுதியிலும் தொலைகிழக்கே சீனா, யப்பான் நாடுகளிலும் உள்ளனர். இடையில் எங்கும் இல்லை. பனியுகங்களுக்கு முன்னர் ஐரோப்பா முழுவதும் பரந்திருந்த ஒரு குடியின் எஞ்சிய சிலரே இவர்கள். சிசிலியில் இருந்த உறவினரை அறிவியலார் கண்டுகொண்டதே 1991இல் என்றால், இவை எவ்வளவு ஒடுங்கி வாழ்கின்றன என்பது விளங்கும். கிறீற்றின் இடையர்கள் வளைந்த கைப்பிடியுள்ள தம் ஊன்றுகோலை இதன் உறுதியான மரத்திலேயே செய்து வந்தனர்.

ஆட்டின் மீதான வழக்கு

இனி அந்த ஆட்டிடம் வருவோம்.

கிறீற்றுக்குச் செல்லும் பயணி காண்பது பெரும்பாலும் மொட்டை மலைகள். கல், முள், குற்றுச்செடி. ஒரு காலத்தில் இத்தீவு முழுவதும் அடர்ந்த காடாக இருந்தது, மனிதன் வெட்டினான், ஆடு மேய்ந்தது, மண் கரைந்தது, எஞ்சியது இந்த எலும்புக்கூடு என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. இதற்கு முன்னோடி பிளேட்டோ. அத்தீக்கா நாட்டின் மலைகள் நோயாளியின் உடலைப் போல எலும்பாகிவிட்டன என்று தமது உரையாடல் ஒன்றில் அவர் கூறியிருந்தார். பின்வந்தோர் அவ்வுவமையை மத்தியதரைக் கடல் நாடுகள் அனைத்துக்கும் விரித்துக்கொண்டனர். தமிழ் வாசகர்க்கு இவ்வெண்ணம் புதிதன்று. பாலை என்பது தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் நல்லியல்பு இழந்தபோது கொள்ளும் வடிவம் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். பிறிகனா என்பது காடு கெட்டுப் பிறந்த பாலை என்பதே பிளேட்டோ வழிவந்தோரின் கட்சி.

1996இல் வெளிவந்த ஒரு நூல் இக்கட்சியைக் கேள்விக்குட்படுத்தியது. பிரித்தானிய வரலாற்றுச் சூழலியலாளர் ஒலிவர் ரக்கமும் அமெரிக்கத் தொல்பொருளியலாளர் ஜெனிபர் மூடியும் இணைந்து கிறீற்றின் நிலக்காட்சி உருவான வரலாற்றை எழுதினர். அவர்கள் கூறுவதன் சாரம் இது. கிறீற்றுக்கு மனிதர் குடியேறியது ஏறத்தாழ கி.மு. 7000 அளவில். ஆடு, செம்மறி முதலியவை அவர்களோடு படகேறி வந்தன. ஆனால் அதற்கு முன்னரும் இத்தீவு மேய்ச்சல் இல்லாத நந்தவனமாக இருக்கவில்லை. குள்ள யானைகள், பன்றியளவே உயரமான நீர்யானைகள், பலவகை மான்கள் ஆகியவற்றின் எலும்புகள் அங்கே கிடைக்கின்றன. அவற்றை வேட்டையாடப் பெரும் கொடுவிலங்குகள் எவையும் இருக்கவில்லை. எனவே முள்ளும் கசப்பும் கடுமணமும் ஆட்டுக்கு அஞ்சி நேற்றுத் தோன்றியவை அல்ல. பல இலட்சம் ஆண்டுப் பழக்கம். பிறிகனா தனித் திணை. சீரழிந்த காடு என்று அதனைக் கொள்ளுதல் தகாது. பழைய பயணிகளின் வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் இன்றைய காட்சியோடு ஒப்பிட்டால், மரங்கள் குறைந்திருக்கவில்லை. பல இடங்களிற் கூடியே இருக்கின்றன. மலைக் கிராமங்களை விட்டு மக்கள் இறங்கியதும் கைவிடப்பட்ட படிக்கட்டு வயல்களில் மரங்கள் ஏறிவிட்டன.

இவர்களது வாதத்துக்குத் துணைநிற்கும் ஒரு காட்சி கெர்மஸ் ஓக் மரம். இது ஆட்டுக்கு விருப்பமான உணவு. தளிரை ஆடு கடிக்கின்றது; செடி பக்கவாட்டிற் கிளைத்து அடர்கின்றது. மீண்டும் கடிக்கின்றது, மீண்டும் அடர்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல முட்பந்து போல் ஆகிய அச்செடி, நடுக்குருத்து ஆட்டின் வாய்க்கு எட்டாத அளவுக்கு அகன்றுவிடும். அன்று அந்தக் குருத்து மேலே கிளம்பி மரமாகின்றது. கீழே கடிபட்ட பாவாடையும் மேலே உயர்ந்த தலையுமாக நிற்கும் மரங்களைக் கிறீற்றின் மலைகளிற் காணலாம். அபெலிட்சியாவும் இவ்வாறே. ஆளின் இடுப்பளவு உயரத்திற் புதராய்க் கிடக்கும் ஒன்று நூறாண்டுகளுக்கு மேற்பட்ட மரமாக இருக்கக்கூடும்.

ஆகவே ஆடு நிரபராதியா? அப்படியும் சொல்ல முடியாது. ஆடு விரும்பாதவை பெருகுவதும் உண்மையே. இங்கேதான் நமது அஸ்போடல் வருகின்றது. நீண்ட வாள் போன்ற இலைகளும், ஆளுயரம் வரை எழக்கூடிய தண்டில் வெளிறிய வெண்பூக்களும், மண்ணுக்குள்ளே திரண்ட கிழங்குகளும் கொண்ட பூண்டு அது. அதன் பச்சை இலையை ஆடு தொடாது. தீ அதன் கிழங்கை அழிக்காது. எனவே மேய்ந்து மேய்ந்து, எரிந்து எரிந்து களைத்துப்போன நிலத்தில் அது ஒன்றே பரவி நிற்கும். ஹோமரின் ஆவிகள் நடக்கும் வெளி, உலகில் எதைப் போன்றது என்று இப்போது எண்ணிப் பாருங்கள். பசும்புல்வெளி என்று மொழிபெயர்ப்பிற் படிக்கும்போது நம் மனத்தில் எழும் குளிர்ச்சி அங்கே இல்லை. ஹீசியட் என்ற கவிஞரோ அஸ்போடலை எளியவர்களின் உணவாகக் குறிப்பிடுகின்றார். செத்தோரின் பூவும் ஏழையின் கிழங்கும் ஒன்றே.

பயன்பாட்டின் வழியேயும் ஆடும் செடியும் பிணைந்திருந்தன. கிறீற்றின் சிஸ்டஸ் என்ற செடியின் இலைகளிற் கோடையில் லாடனம் என்ற நறும் பிசின் சுரக்கும். ஆடுகளின் தாடியில் ஒட்டும் இப்பிசினைச் சீவி எடுப்பார்கள் என்று ஹெரொடோட்டஸ் அரேபிய நாட்டைப் பற்றிக் கூறும்போது எழுதினார். 1700இல் கிறீற்றுக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்ணபோர், தோல்வார்கள் கட்டிய ஒருவகை வாரியைக் கடும் வெயிலிற் செடிகளின்மேல் இழுத்து, வாரில் ஒட்டிய பிசினைச் சுரண்டி எடுப்பதை நேரிற் கண்டு எழுதியுள்ளார். ஆட்டுத்தாடி செய்த வேலையைத் தோல்வார் செய்தது. சீசெஸ் என்ற கிராமத்தில் இத்தொழில் நம் காலம் வரை நீடித்து வந்துள்ளது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் நிலை மாறியது. 1981இல் கிரேக்கம் ஐரோப்பிய சமூகத்தில் இணைந்தபின், ஆடுகளின் தலைக்கணக்கில் மானியம் கிடைத்தது. மலைமேல் வீதிகள் வெட்டப்பட்டன. தீனியும் தண்ணீரும் லொறியில் ஏறின. முன்னர் மலை தாங்கக்கூடிய அளவை மலையே தீர்மானித்தது. புல் தீர்ந்தால் இடையன் இறங்கினான். இப்போது அந்த எல்லை தளர்ந்துவிட்டது. ஆட்டின் பசி அன்றும் இன்றும் ஒன்றே. கணக்கு மாறியதற்கு ஆடு பொறுப்பாகாது. அரிஸ்டோட்டிலின் கதையில் அம்பு தைத்த காட்டாட்டின் வழித்தோன்றல்களாகிய கிரி-கிரி ஆடுகளும்கூட, முதற் குடியேறிகள் கொண்டுவந்து காட்டுக்குத் தப்பிப்போனவற்றின் சந்ததியே என இன்று கருதப்படுகின்றது. அவற்றின் புகலிடமாகிய சமரியா பள்ளத்தாக்கு 1962இல் தேசிய வனமாக்கப்பட்டபோது, அங்கிருந்த கிராமத்து மக்கள் வெளியேற நேர்ந்தது. ஆட்டுக்கு இடம் கிடைத்தது. இடையனுக்கு இடம் போயிற்று.

மலைமுகட்டில் எஞ்சியவை

சுற்றுலாப் பயணிகளின் அஞ்சலட்டைகளிற் கிறீற்றின் அடையாளமாக வரும் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. வசந்தத்தில் ஒலிவந் தோப்புகளின் அடியெங்கும் மஞ்சட் கம்பளம் விரிக்கும் புளியாரை வகை தென்னாபிரிக்காவினது. உண்மையான சுதேசிகளைக் காணவேண்டுமானால் தலையை நிமிர்த்திப் பாறைமுகடுகளைப் பார்க்க வேண்டும். ஆட்டின் குளம்பும் மனிதனின் மண்வெட்டியும் எட்டாத செங்குத்துப் பாறைகளே இத்தீவுக்குரிய அரிய செடிகளின் அரண். டிக்டமோன் அங்கேதான் இருக்கின்றது. பெட்ரோமருலா என்ற நீலப்பூச் செடியும் அங்கேதான். அதன் பெயருக்குக் கற்கீரை என்று பொருள் கொள்ளலாம். வெனிசியர் கட்டிய கோட்டை மதில்களையும் பாறையென்றே எண்ணி அச்செடி குடியேறிவிட்டது. சோர்பா நாவலைத் தந்த கசன்சாக்கிஸ் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் தலைநகர் ஹெராக்லியோனில் அத்தகையதொரு கோட்டைக் கொத்தளத்தின் மீதே.

கீரை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்தம்னகாதி என்பது கடலோரத்திலும் மலையிலும் வளரும் முட்கீரை. தண்ணீர்க் குடத்தின் வாயை இம்முட்செடியால் மூடிப் பூச்சிகள் விழாமற் காத்தமையால் குடமுள் என்ற பொருளில் இப்பெயர் வந்தது. 1941 மே மாதம் ஜேர்மன் பரசூட் படைகள் இறங்கித் தீவைக் கைப்பற்றிய பின் வந்த பஞ்ச காலத்தில், மக்களைக் காத்த உணவுகளுள் இத்தகைய காட்டுக்கீரைகள் முக்கியமானவை. போருக்குப் பின், 1948இல், ரொக்பெல்லர் மன்றத்தின் ஆய்வாளர்கள் இத்தீவினர் உண்பதைக் கணக்கெடுத்தபோது, ஒலிவ எண்ணெய், தானியம், பருப்பு வகைகளோடு காட்டுக்கீரையும் அவர்கள் கண்ணிற் பட்டது. எந்தக் கீரையை எப்போது கிள்ளுவது, எதை அவிப்பது, எதைத் தொடக்கூடாது என்ற அறிவு பெண்களிடம் இருந்தது. ஏட்டில் எழுதப்படாத அந்த அறிவு, கிராமங்கள் வெறுமையாகும்போது செடிகளுக்கும் முன்னதாக அழியக்கூடியது.

இறுதியாக ஒரு செடி. புப்ளியூரம் காக்கிஸ்காலே என்பது அதன் தாவரவியற் பெயர். வெண்மலைகளில் ஒரேயொரு பாறைச்சரிவில் மட்டும் வாழ்கின்றது. நமது தாளிப்பனையைப் போல, பல ஆண்டுகள் காத்திருந்து வாழ்நாளில் ஒருமுறை பூத்து விதை தந்து மடிவது. பூத்த ஆண்டில் ஓர் ஆடு எட்டிக் கடித்துவிட்டால், அச்செடியின் வாழ்வு முழுவதும் வீண். இதனைக் காப்பதற்காக, கானியா நகரிலுள்ள மத்தியதரை விவசாய ஆய்வு நிறுவகமும் அதனோடு இணைந்த அமைப்புகளும் 2004 முதல் 2007 வரை ஒரு திட்டத்தை மேற்கொண்டன. மேற்குக் கிறீற்றில் அருகிவரும் ஏழு தாவர இனங்களுக்கு ஏழு சிறு காப்பிடங்களை வகுத்து, விதைகளைச் சேகரித்துக் களஞ்சியத்திற் சேமித்தனர். வாய்க் கடற்கரையினது இனமாகிய தியோபிராஸ்தஸின் ஈந்தும் அவ்வேழில் ஒன்று.

தியோபிராஸ்தஸ் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தமையாலன்றோ, கோர்டினின் மரமும் வாய்க் கடற்கரையின் காடும் எவ்வளவு பழையவை என்று நாம் இன்று சொல்ல முடிகின்றது? புலவனும் அறிஞனும் ஒரு செடியின் பெயரைப் பிழையின்றி எழுதிவைப்பது பின்வருவோருக்குச் செய்யும் பேருதவி. இனி ஒடிசியையோ ஈனியட்டையோ கையில் எடுக்கும் நேயர்கள், செடியின் பெயர் வரும் இடத்திற் சற்று நிற்பார்களாக. அஸ்போடல் வெளியில் அக்கிலீஸ் நடக்கும்போது, அவனது காலடியில் ஆடு தின்னாது விட்ட அந்த வெளிறிய பூக்களும் அவர்கள் கண்ணிற் படட்டும்.